சாவி வீட்டுல இல்லாத வார்த்தை

எங்க பேத்தி ஆஸ்பத்திரியிலேந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தப்ப தெருவே வந்து தூக்கிப் பாத்துச்சு. பக்கத்து வீட்டு டிரைவர், மாடி வீட்டு நர்ஸம்மா, மாப்பிள்ளையோட ஆபீஸ்காரங்க, யாரும் பாக்கி இல்ல. நானும் என் வீட்டுக்காரியும் "குடு, நான் இன்னும் தூக்கவே இல்ல"ன்னு பச்சப் பொய் சொல்லிச் சொல்லி மாத்தி மாத்தித் தூக்கினோம். அவ்வளவு அழகு. உள்ளங்கால் ரெண்டும் புதுப் பஞ்சு மாதிரி. கொட்டாவி விட்டா ஒரு கூட்டம் நின்னு வேடிக்கை பாக்கும்.

தூக்காத ஆள் ஒருத்தன்தான். அவளைப் பெத்த அப்பனைப் பெத்தவன். என் சம்பந்தி.

வாசப்படிகிட்ட நிப்பான். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள இருக்கும். மூக்கு யார் மாதிரி, பால் குடிச்சாளா, தூங்கினாளான்னு எல்லாம் கேப்பான். கண்ணு பூரா அவ மேலதான். ஆனா கட்டில் பக்கம் வர மாட்டான். சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி நிப்பான்.

ஒரு நாள் என் பொண்ணு சமையல்கட்டுல என்னப் பிடிச்சுக்கிட்டா.

"அப்பா, மாமாவுக்குப் பொண்ணாப் பொறந்துட்டான்னு கோவமா?"

"சேச்சே. அவனா? பைத்தியமா உனக்கு?"

"பின்ன என்ன? நான் பாப்பாவ நீட்டினா பின்னாலயே போறாரு. நெருப்ப நீட்டின மாதிரி. பாத்துட்டுப் போறவங்கல்லாம் என்னக் கேக்கறாங்கப்பா. எவ்ளோ அசிங்கமா இருக்கு தெரியுமா? இந்த வாரம் அவர் எம் பொண்ணத் தூக்கணும். இல்லேன்னா நான் அவளத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துருவேன். அப்புறம் என்ன யாரும் கூப்பிடாதீங்க."

அவ சும்மா சொல்றவ இல்ல. சின்ன வயசுலேந்து அவ வரேன்னா வருவா, போறேன்னா போவா. அவனும் லேசுல தூக்கறவன் இல்ல. சாவிய எனக்குத் தெரியும்.

சாவிங்கறதுதான் அவன் பேரு, எங்களுக்கெல்லாம். வீட்டுல வச்ச பேரு எனக்கே பாதி நாள் மறந்து போயிரும். தண்ணி ஆபீஸ்ல வால்வு திறக்கிற வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மேல குறுக்க ஒரு கம்பி. அதத் தோள்ல போட்டுக்கிட்டு தெருத்தெருவா போவான். ரோட்டுல இருக்கிற மூடியத் தூக்குவான், சாவிய உள்ள விடுவான், மணிக்கட்ட ஒரு முறுக்கு முறுக்குவான். பூமிக்குள்ள தண்ணி ஓடற சத்தம் கேக்கும். அந்த முறுக்குதான் அவன் போடற கிரிக்கெட் பந்துலயும். தரையில பட்டதும் சீறிக்கிட்டு பக்கவாட்டுல ஓடும்.

எனக்கு குஷன் கடை. பஸ் சீட்டு, கார் சீட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சு எல்லாம் தைப்பேன். ஞாயித்துக்கெழமை எங்க டீமுக்கு விக்கெட் கீப்பர். சாவி பந்து போட்டா ஸ்டம்புக்குப் பின்னால நான்தான் நிப்பேன். வேற யாரும் நிக்க மாட்டாங்க, பல்லு போயிரும்னு பயம்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை உண்டு. பேட்ஸ்மேன் கால நட்டு வச்சுட்டான்னா நான் பின்னாலேந்து "திருப்பு!"ம்பேன். யாரோ ஃபீல்டரப் பந்தத் திருப்பிப் போடச் சொல்றேன்னு பேட்ஸ்மேன் நெனச்சுப்பான். சாவிக்கு மட்டும் தெரியும். அடுத்த பந்து பெரிய சுத்து. (இங்க இந்த வார்த்தைய எழுதறேன். அவன் இத வாசிக்கப் போறதில்ல. அவன் வீட்டுல எழுத மாட்டேன்.)

ஒரு மேட்ச்சுல சாவி ஓடி வந்துக்கிட்டு இருக்கான். ஒரு வண்டிக்காரன் பாதையத் தப்பவிட்டு கிரவுண்டுக்குள்ள வந்துட்டான். நான் அவனப் பாத்து "யோவ், வண்டியத் திருப்பு!"ன்னு கத்தினேன். சாவி போட்ட பந்து எங்கயோ குத்தி, வளைஞ்சு வந்து, நடு ஸ்டம்பத் தூக்கிச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். வண்டிக்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்தோம். சாவி மட்டும் சிரிக்கல. கையப் பாத்துக்கிட்டே நின்னான்.

"நான் நேராப் போடத்தான்டா போனேன்"ன்னான்.

"கை பழகிருச்சுடா, அவ்ளோதான்."

"பழகினா பரவால்ல. அது என்னக் கேக்கலையே."

அப்புறம் அவன் போக்கே வேற. பெரிய கிளப்புல கூப்பிட்டாங்க, அங்கேந்து நம்ம நாட்டு டீமுக்கே போயிட்டான். வால்வு திறக்கிறவன் வெளிநாட்டுக்குப் போறான்னு தண்ணி ஆபீஸ்ல மாலை போட்டாங்க. முதல் மேட்ச்ச நாங்க எதுத்த டீக்கடை டிவியில பாத்தோம். வெள்ளச் சட்டையில அவன் வேற ஆள் மாதிரி இருந்தான். ஆனா அந்த மணிக்கட்டு அதேதான். பெரிய பெரிய பேட்ஸ்மேன் எல்லாம் பூட்டின வீட்டு முன்னால நிக்கிற மாதிரி நின்னாங்க. வரிசையா அவுட்டு.

ஊர் வந்ததும் நேரா என் கடைக்குத்தான் வந்தான். கட்டிப் பிடிப்பான்னு பாத்தா, வாசல்ல நின்னுக்கிட்டே கேக்கறான்.

"நீ எப்படிடா அங்க வந்த?"

"எங்க?"

"ஸ்டம்புக்குப் பின்னால. நீதானே சொன்ன, ஒவ்வொரு தடவையும்?"

அந்த டீமு கீப்பர் நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாத ஆளு. நான் இங்க டீக்கடை பெஞ்சுல இருந்தேன், சாட்சி வேணும்னா டீக்கடைக்காரர். சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனா நம்பல.

"உன் குரல்தான். லேசா சளி பிடிச்ச மாதிரி."

எனக்கு அந்த வாரம் சளி இருந்துச்சு. அத நான் அவன்கிட்ட சொல்லல.

அப்புறம் சில வருஷம் அவன் நாடு நாடாப் போனான். பேப்பர்ல படம் வரும். ஒரு பேப்பர்க்காரன் "உங்க ரகசியம் என்ன?"ன்னு கேட்டானாம். இவன் "பின்னாலேந்து சொல்லுவாங்க"ன்னிருக்கான். அந்த ஆள் கோச்சுக்கு மரியாதை குடுக்கறான்னு நெனச்சு அப்படியே எழுதிட்டான். கோச்சுக்கு ஒரே சந்தோசம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் ஆள் இளைச்சுக்கிட்டே போனான். ஹோட்டல்ல குழாய் பிடி கையோட வந்துருமாம். கதவுக் குமிழு கழண்டு உள்ளங்கையில கெடக்குமாம். கூடத் தங்கின ஆட்டக்காரன், "உன் கை போர்வைக்குள்ள தனியா என்னமோ பண்ணுது"ன்னு சொல்லிட்டு வேற ரூமுக்குப் போயிட்டான். சாவி இத சிரிச்சுக்கிட்டே சொன்னான். கை மட்டும் பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு.

ஒரு டெஸ்ட் மேட்ச்சுல அந்தக் குரல் வரல. பந்தக் கையில வச்சுக்கிட்டு காத்துக்கிட்டே நின்னானாம். அம்பயர் "போடுப்பா"ன்னதும் போட்டிருக்கான். பந்து மரக்கட்டை மாதிரி நேராப் போச்சு. அடி அடின்னு அடிச்சாங்க. அடுத்த மேட்ச்சும் அப்படியே. செலக்டருங்க தோள்ல தட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க. திறமை போச்சுன்னு சிலர் எழுதினாங்க, குடிக்கிறான்னு சிலர். பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொடாதவன்.

வந்து மறுபடி சாவியத் தோள்ல போட்டுக்கிட்டான். எனக்கு என்னமோ நிம்மதியா இருந்துச்சு. அதுவும் ரொம்ப நாள் நிக்கல. ஒரு நாள் மெயின் ரோட்டு வால்வ மூடிக்கிட்டு இருக்கான். பக்கத்துல ஒரு லாரி சந்துக்குள்ள மாட்டிக்கிட்டு முழிக்குது. கிளீனர் பின்னால தட்டிக்கிட்டே கத்தறான், "திருப்பு, திருப்பு, ஒடிச்சுத் திருப்பு!" இவன் கை ஓட ஆரம்பிச்சுது. வால்வு முழுசா மூடின அப்புறமும் நிக்கல. உள்ள இருந்த தண்டு முறிஞ்சு, ரோட்டுல பனை உயரத்துக்குத் தண்ணி. ஏரியா பூரா குடத்தோட ஓடி வந்துச்சு. "நாட்டுக்கு ஆடின கை, வால்வு எப்படித் தாங்கும்?"னு எல்லாரும் கிண்டல். ஆபீஸ்ல அவன நாற்காலியில உக்கார வச்சுட்டாங்க.

பல வருஷம் கழிச்சு அவன் பையனுக்கு என் பொண்ணக் குடுத்தேன். அவங்களே பாத்துப் பிடிச்சுக்கிட்டாங்க, நாங்க ஆமான்னோம். அதுலேந்து ஆளுங்க முன்னால "வாங்க சம்பந்தி, போங்க சம்பந்தி", தனியா இருந்தா "டேய்". பொண்ணு குடுத்த எடத்துல டேய் போடாதீங்கன்னு என் வீட்டுக்காரி இன்னிக்கு வரைக்கும் திட்டறா.

கல்யாணம் ஆன புதுசுல என் பொண்ணு வந்து சிரிச்சா.

"அப்பா, அவங்க வீட்டுல ஒரு வார்த்தையக் காணோம்பா. டிவிய மாத்தி வைங்கறாங்க. சட்டைய உள்பக்கம் வெளிய போடுங்கறாங்க. வண்டிக்குக் கூட 'மூஞ்சிய அந்தப் பக்கம் வை'ங்கறாங்க. நான் ஒரு தடவை அந்த வார்த்தையச் சொல்லிட்டேன். அத்தை ஓடி வந்து என் வாயப் பொத்தினாங்க. மாமாவுக்கு அந்தச் சத்தம் ஆகாதாம்."

விளையாட்டு போன வருத்தம்னு அவ நெனச்சுக்கிட்டா. லாரிக் கதைதான்னு நான் நெனச்சேன்.

இப்ப பொண்ணு இப்படிக் கெடு வச்சதும் நான் சாவிய கடைக்குக் கூப்பிட்டேன். மத்தியானம், ரோட்டுல ஆள் இல்ல. ரெக்சின் கட்டு மேல உக்காந்தான்.

"அவ போயிருவாடா. உன் பையன் நடுவுல கெடந்து சாவான். ஒரு தடவ தூக்கினா என்ன?"

கை இருந்த பாக்கெட்டயே பாத்தான். அப்புறம் சொன்னான்.

"மொட்டை மாடியில ஒரு புறா விழுந்து கெடந்துச்சு. றெக்கையில அடி. கையில வச்சு தானியம் குடுத்தேன். நல்லாத் தின்னுச்சு. என் வீட்டுக்காரி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. திடீர்னு கேட்டுச்சு. கை ஓடிருச்சு."

நான் கத்திரிக்கோலக் கீழ வச்சேன். புறாவோட கழுத்துன்னு அவனே சொல்லிட்டான்.

"அன்னிலேந்துதான் அவ அந்த வார்த்தைய வீட்டுல நிறுத்தினா. தான்தான் ஏதோ சட்டையப் பத்திச் சொல்லித் தொலைச்சிட்டோம்னு இன்னும் அழுவா. ஆனா அவ சொல்லலடா. வாயில கிளிப்பு கடிச்சுக்கிட்டு இருந்தா. நான் பாத்தேன்."

"லாரி?"

"லாரி சந்தத் தாண்டிப் போன அப்புறம்தான் கை வேகமாச்சு."

லாரிதான் காரணம்னு நான் நெனச்சது போச்சு. இருந்தாலும் விடல. நூல்கண்டு ஒண்ண அவன் வலது கையில வச்சேன்.

"நான் இப்ப சொல்றேன். பாப்போம். திருப்பு!"

கை அசையல. இன்னொரு தடவ சத்தமாச் சொன்னேன். மெதுவாச் சொன்னேன். கிரவுண்டுல கத்துற மாதிரி கத்தினேன், எதுத்த கடைக்காரர் எட்டிப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல.

"பாத்தியா? எல்லாம் உன் மனசுடா"ன்னேன். சந்தோசமா இருந்துச்சு. பாதியில விட்ட சீட்டு வேலைய எடுத்தேன். சின்ன ஆணி ஒரு பிடி வாயில போட்டுக்கிட்டு, குனிஞ்சு ஒண்ணொண்ணா அடிச்சேன்.

டக்குனு ஒரு சத்தம். நூல்கண்டு அவன் கையில நடுவுல பிளந்து, நூல் பூரா விரல்ல சுத்தியிருந்துச்சு.

"இப்பதானே சொன்ன?"ன்னான்.

நான் வாயத் தொறந்து காட்டினேன். நாக்கு மேல ஆணியெல்லாம் அப்படியே இருந்துச்சு.

அவன் எந்திரிச்சுப் போயிட்டான். போகும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டான். "நீயே சொல்லு. இந்தக் கையில அவளத் தருவியா?" நான் ஆணிய ஒண்ணொண்ணா உள்ளங்கையில துப்பினேன்.

பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்றது? உன் மாமனார் கைய நம்ப முடியாதுன்னா? அப்படிச் சொன்னா அவ அன்னிக்கே போயிருவா. சொல்லலேன்னா வாரக் கடைசியில போவா. நான் தினமும் அந்த வீட்டுக்குப் போய் சும்மா உக்காந்துக்கிட்டேன்.

கெடு முடியற அன்னிக்கு மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தாரு. சம்பந்தியம்மா கடைக்குப் போயிருந்தாங்க. சாவி வழக்கம் போல வாசப்படிகிட்ட. என் பொண்ணு பாப்பாவத் தூக்கிட்டு நேரா அவன்கிட்ட போனா.

"பிடிங்க மாமா."

"வேணாம்மா, கை அழுக்கு."

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. பிடிங்க."

அவன் பின்னால போக எடம் இல்ல, கதவு. அவ பாப்பாவ அவன் நெஞ்சு மேல வச்சுட்டா. வச்சதோட நிக்காம, பாத்ரூமுக்குள்ள போய் தாப்பாளப் போட்டுக்கிட்டா. குழாயத் தொறந்து விட்டுட்டா. உள்ள அழறான்னு எனக்குத் தெரியும்.

பாப்பா விழாம இருக்கணுமே, ரெண்டு கையும் தானா வந்துருச்சு. இடது கை கீழ. வலது கை கழுத்துக்கு அடியில.

நான் அந்தக் கைய எத்தன வருஷம் பாத்தவன். மத்தவங்களுக்கு பந்து வந்தப்புறம்தான் தெரியும். எனக்கு முன்னாடியே தெரியும். முழங்கைக்குக் கீழ ஒரு நரம்பு மெல்ல எழும்பும், அப்புறம் சுண்டுவிரல் பக்கம் தூக்கும். நரம்பு எழும்பிருச்சு.

"டேய்," அவன் என்னப் பாத்தான். "சொல்லுதுடா."

நான் ஓடினேன்னு சொல்ல முடியாது, இந்த மூட்டு ஓடாது. ஆனா எப்படியோ அவன் முன்னால போய் நின்னுட்டேன். கைய நீட்டி அவன் மணிக்கட்ட இறுக்கிப் பிடிக்கத்தான் மனசு போச்சு. ஆனா கை அப்படிப் போகல. சுத்தி வர்ற பந்த முரட்டுத்தனமாத் தடுத்தா விரல் ஒடியும். அது போற பக்கம் கூடவே போயி, அதுவே ஓஞ்சு நம்ம கையில உக்கார விடணும். கீப்பருக்கு அதான் வேலை. என் ரெண்டு கையையும் பாப்பாவுக்கு அடியில விட்டேன். தலை ஒரு கையில, இடுப்பு ஒரு கையில. அவன் கை சுத்திச்சு. நானும் கூடவே சுத்தினேன். கழுத்து தனியாப் போகாம, தலையும் உடம்பும் ஒண்ணா, கட்டில்ல புரண்டு படுக்கிற மாதிரி பாப்பா மெதுவாப் புரண்டா. புரண்டு என் கைக்கு வந்துட்டா. எம் பேத்தி முழிக்கக் கூட இல்ல. உதட்ட மட்டும் சப்பிக்கிட்டா.

சாவி கதவுல சாஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டான். வலது கை மடியில மல்லாந்து கெடந்துச்சு. வேற யாரோ வச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

"அதே வார்த்தையா?"ன்னு கேட்டேன்.

இல்லேன்னு தலையாட்டினான். "குடுன்னுச்சு."

"என்னது?"

"குடுன்னுச்சு. உன் குரல்தான். நீ சொன்னியா?"

நான் வாயவே தொறக்கல. ஆனா மனசுக்குள்ள குடு குடுன்னு அடிச்சுக்கிட்டுத்தான் ஓடி வந்தேன். அத அவன்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்படின்னா இத்தனை வருஷமா யாரு, எப்படி, ஒண்ணும் புரியல. பாத்ரூம் குழாய் நின்னுச்சு. "சீக்கிரம், கைய நீட்டு"ன்னு நானும் குந்திக்கிட்டு பாப்பாவ மறுபடி அவன் மடியில வச்சேன். என் கைய அடியில விட்டு வச்சுக்கிட்டேன், எடுக்கல.

பொண்ணு வெளிய வந்து பாத்தா. மாமனார் தரையில உக்காந்து, மடியில கொழந்த, கண்ணுலேந்து தண்ணி கொட்டுது. பக்கத்துல அப்பன் குந்திக்கிட்டு கைய நீட்டிட்டு இருக்கான்.

"என்ன ரெண்டு பேரும் பிச்சை எடுக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க?"ன்னா. அப்புறம் அவளும் அழுதா. "இவ்ளோதானே மாமா. இதுக்கா இத்தன நாளு?"

"இவ்ளோதாம்மா"ன்னான் சாவி.

அவ எங்கயும் போகல. பொட்டி கட்டினதெல்லாம் பிரிச்சுட்டா.

இப்ப தினமும் கடைய மூடிட்டு நான் அங்க போறேன். நான் வந்தாத்தான் அவன் பாப்பாவத் தூக்குவான். அவன் நாற்காலியில உக்காருவான், நான் எதிர்ல முக்காலி போட்டு கைய நீட்டிக்கிட்டு உக்காருவேன். என் பொண்ணு எங்களப் பாத்து "ரெண்டு கெழமும் கொழந்தைய வச்சு மேட்ச் ஆடுது"ன்னு தெருவுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா. சிரிக்கட்டும். சாவியும் இப்ப நல்லாச் சாப்பிடறான், கன்னம் தேறிருக்கு. அவன் பாப்பாவத் தூக்கும்போதெல்லாம் நான் அந்த நரம்பயே பாத்துக்கிட்டு இருப்பேன். சில நாள் எழும்பும், எழும்பி அடங்கிரும். "கேக்குதா?"ம்பேன். "ம்"பான். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டான்.

பாப்பாவுக்கு இப்ப மொகம் பாத்துச் சிரிக்கத் தெரியுது. பொக்கை வாயத் தொறந்து அவ சிரிச்சா எனக்கு எல்லாம் மறந்து போகும். ஆனா சாவி கையில இருக்கும்போது மட்டும் அவ அவனப் பாத்துச் சிரிக்கிறதில்ல, என்னயும் பாக்கிறதில்ல. என் தோளுக்குப் பின்னால, செவுத்துக்கும் எனக்கும் நடுவுல யாரோ நிக்கிற மாதிரி, அங்கயே பாத்துத் தலையத் தலைய ஆட்டிச் சிரிக்கிறா. சாவியும் அத கவனிச்சுட்டான். மெதுவா அவன் கண்ணும் அங்க போகும்.

நான் மட்டும் பின்னால பாக்கிறதில்ல. அவன் கையில எம் பேத்தி இருக்கிற வரைக்கும் என் கண்ணு அந்த மணிக்கட்டு மேலதான்.